பெட்டி கொடுத்த எண்ணும் கத்தாரிலிருந்து வந்த குரலும்

"…அதுக்காக, வந்த விருந்தாளியப் பாத்து 'எந்திரிச்சுப் போங்க'ன்னு சொல்லச் சொல்றியா? என் நாக்கு அழுகிப் போனாலும் அந்த வார்த்தை வராது, அந்தோணி!"

சொன்னவர் ஜொகரா லாத்தா. எங்கள் கீழக்கரைப் பக்கம் முஸ்லிம் வீடுகளில் அக்காவை லாத்தா என்பார்கள். எனக்குப் பக்கத்து வீடு. போன ஞாயிற்றுக்கிழமை அவர் மகளுக்கு நிக்காஹ்.

கேட்டுக்கொண்டு நின்ற அந்தோணி எங்கள் தெருவுக்கு கேபிள் டிவியும் இன்டர்நெட்டும் கொடுப்பவர். அன்றைக்கு அவரும் விருந்தாளிதான். ஆனால், கல்யாண வீட்டில் டாக்டரைக் கண்டால் இடுப்பு வலியைச் சொல்வோம் இல்லையா? கேபிள்காரரைக் கண்டால் வேறு எதைச் சொல்வோம்…

விஷயம் இதுதான். பெண்ணின் அத்தா, அதாவது அப்பா, நூர்தீன் பாய் கத்தாரில் இருக்கிறார். கடைசி நேரத்தில் லீவு இல்லை என்றுவிட்டார்கள். 'என் மகளை நிக்காஹ் செய்து கொடுக்கும் பொறுப்பைத் தம்பியிடம் தருகிறேன்' என்று அவர் போனில் சொல்ல வேண்டும். நிக்காஹ் நடத்தி வைக்க வந்த ஆலிம்சா கறாராகச் சொல்லிவிட்டார்: "சொல்றது முழுசாக் கேக்கணும். சாட்சிங்க காதுல தெளிவா விழணும். துண்டு துண்டா வந்தா நான் ஏத்துக்க மாட்டேன்."

நியாயம்தானே? மகளைக் கொடுக்கிற வார்த்தை பாதியில் அறுந்தால் எப்படி?

நூர்தீன் பாய்க்கு வேலை இடத்தில் கிடைத்ததோ சின்ன இடைவேளை. அது முடிந்தால் சாயங்காலம் வரை போனைத் தொட முடியாது. அதற்குள் பேசாவிட்டால், அவர் குரல் இல்லாமலேயே தம்பி காசிம் முன்னின்று முடித்துவிட வேண்டியதுதான்.

பெற்ற மகள் கல்யாணத்தில் அத்தாவின் குரல்கூட இல்லாமலா?

காசிமின் போனுக்குத்தான் அழைப்பு வர வேண்டும். அதுவோ 'ஐபி முகவரியைப் பெறுகிறது… பெறுகிறது…' என்று சுற்றிக்கொண்டே இருந்தது. லாத்தாவின் போனில் கூப்பிட்டுப் பார்த்தார்கள். "ஜொ… கேக்… மாப்…" அவ்வளவுதான். அந்தக் காலத்துக் கெட்டிச் சுவர் வீடு. செல்போன் சிக்னல் வாசலோடு நின்றுவிடும். வைஃபை ஒன்றே கதி.

அந்தோணி சுவரில் இருந்த வைஃபை பெட்டியை ஒரு பார்வை பார்த்தார். வாசலில் ஒட்டியிருந்த அட்டையை ஒரு பார்வை பார்த்தார்.

வைஃபை பாஸ்வேர்டு! கொட்டை எழுத்தில் லாத்தாவே எழுதி ஒட்டியது. சர்பத் ஒரு கை, பன்னீர் ஒரு கை, பாஸ்வேர்டு ஒரு கை. எங்கள் ஊர் உபசாரம் அப்படி.

"லாத்தா, இந்தப் பெட்டி யாரு வந்து கேட்டாலும் தானாவே ஒரு நம்பர் கொடுக்கும். அந்த நம்பர் இருந்தாத்தான் நெட்டு. நான் ஒரு வீட்டுக்குப் போதும்னு இருவது நம்பர்தான் வச்சு விட்டேன். மாப்பிள்ள வீட்டு பஸ் வந்ததுமே தீந்துபோச்சு. காசிம் பாய் தட்டோட நிக்கிறாரு, சோறு இல்ல!"

"அப்ப நம்பரக் கூட்டி விடு."

"கூட்டலாம். அம்புட்டுப் பேரும் லைவ் போடுறாகளே! துபாய்க்கு ஒருத்தரு, மலேசியாவுக்கு ஒருத்தரு. பேச்சுக்கு முதல்ல வழி விடுற வசதியும் இந்தப் பெட்டில இருக்கு, போட்டுத்தான் வச்சிருக்கேன். ஆனா பாம்பன் பாலத்துல வண்டி நெருக்கியடிச்சு நிக்கும்போது ஆம்புலன்ஸ் எங்கிட்டுப் போகும்? விலக எடம் வேணும்ல! பாஸ்வேர்டை மாத்திருவோம். எல்லாரும் வெளிய போயிருவாக."

அப்போது வந்ததுதான் நீங்கள் முதலில் படித்த அந்தப் பதில்.

ஆலிம்சா கடிகாரத்தைப் பார்த்தார். காசிம் போனைப் பார்த்தார். லாத்தா மட்டும் கொல்லைப்புறம் பார்த்தார். அங்கே சமையல்காரப் பண்டாரி தம் போட்ட பிரியாணியை இறக்கித் தயாராக வைத்திருந்தார்.

"பண்டாரி! தெருமுனைப் பந்தல்ல சகனை வைக்கச் சொல்லு!"

சகன் என்பது பெரிய தாம்பாளம். நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவார்கள். ஆனால் அந்த வீட்டு வழக்கத்தில் நிக்காஹ் முடிந்த பிறகுதான் சகன்!

கூட்டத்தில் ஒருவர் கேட்டார்: "ஏலே, நிக்காஹ் முடியாமயே சோறா? மாப்பிள்ள ஓடிருவாருன்னு பயமா?"

பக்கத்தில் இருந்தவர் அதற்குள் எழுந்துவிட்டார்: "மாப்பிள்ள எங்கயும் போக மாட்டாரு. கறிதான் போயிரும். வாலே!"

பந்திக்கு முந்து என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? கூடம் மளமளவென்று காலியானது. லைவ் போட்டவர்களும் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு நடந்தார்கள். தெருமுனைக்கு வைஃபை எட்டாது. யாரையும் யாரும் போகச் சொல்லவில்லை… சாப்பிடத்தானே கூப்பிட்டார்கள்!

மாப்பிள்ளை, அவர் அத்தா, சாட்சிகள், ஆலிம்சா, வீட்டு ஆட்கள் மட்டும் மிச்சம். அந்தோணி பெட்டியை அணைத்து, மறுபடி போட்டார். பழைய எண்களெல்லாம் திரும்பி வந்துவிட்டன. காசிமின் போன் கேட்டது, பெட்டி கொடுத்தது.

மணி அடித்தது.

"அஸ்ஸலாமு அலைக்கும். என் மகளை நிக்காஹ் முடிச்சுக் கொடுக்குற பொறுப்பை, முழு சம்மதத்தோட என் தம்பி காசிம்கிட்ட கொடுக்குறேன்."

ஒரு எழுத்து உடையவில்லை. ஆலிம்சா தலையசைத்தார். பிறகு நிக்காஹ் முடிய எவ்வளவு நேரம்? எல்லோரும் அல்ஹம்துலில்லாஹ் சொன்னார்கள். அந்தோணி சிலுவை போட்டுக்கொண்டார். எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

எல்லாருக்கும் கொடுத்தால் ஒருவருக்கும் கிடைக்காது என்பது பெட்டியின் கணக்கு. கொடுக்க மாட்டேன் என்று சொல்லவே கூடாது என்பது லாத்தாவின் கணக்கு. இரண்டையும் சரிக்கட்ட ஒரு அண்டா பிரியாணி தேவைப்பட்டது, அவ்வளவுதான்!

போன் இன்னும் அணையவில்லை. நூர்தீன் பாயின் குரல், இப்போது கொஞ்சம் தயங்கி…

"ஜொகரா… வீட்டுல ஏன் ஒரு சத்தமும் இல்ல? நம்ம வீட்டுக் கல்யாணத்துக்கு ஆளுக யாரும் வரலையா?"

லாத்தா போனைப் பிடுங்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார். வைஃபை எட்டுகிற கடைசிப் படியில் நின்று, பந்தலின் இரைச்சல் பக்கமாகக் கையை எட்டுமட்டும் நீட்டினார்.