அம்மா மிதித்த பிரேக்

ருவான்வெல்லைக் கடைவீதியில் நான் மோட்டார் வேலை பழகிய கராஜில் ஒரு வழக்கம் இருந்தது. முதன்முறை தனியாகப் பிரேக் வேலை செய்தவன், தன் வீட்டு ஆள் ஒருவரை அந்த வண்டியில் ஏற்றி, ஆற்றுப் பாலத்துக்கு இறங்கும் சரிவில் போய்வர வேண்டும். சொந்த ஆளை ஏற்றத் துணியாதவன் ஊரார் வீட்டுப் பிள்ளைகளை ஏற்றக்கூடாது என்பது பாஸின் சட்டம். கராஜ் அவருடையது, எங்களோடு சிரித்துப் பேசும் சிங்களவர். எனக்கு முன் பழகியவன் தன் மாமியாரைக் கூட்டிவந்தான். அது வேலைமீது வைத்த நம்பிக்கையா, மாமியார்மீது வைத்த பாசமா என்று நாங்கள் வெகுநாள் பேசிச் சிரித்தோம்.

எனக்கு இருந்தது அம்மா மட்டும்தான். ரப்பர் மலையில் பால் வெட்டுகிறவள். எந்த மழையிலும் கடைவீதிக்கு நடந்தே வருவாள். பஸ் கடந்து போனால் ஓரமாக ஒதுங்கி, “கரணந் தப்புனா மரணம்” என்பாள். வண்டியில் ஏறியதே இல்லை.

அவள் ஏறாவிட்டால் எனக்குப் பிரேக் வேலை கிடையாது. மண்ணெண்ணெயில் வண்டிச் சாமான் கழுவிக்கொண்டே கிடக்க வேண்டியதுதான். தோட்டத்துக்கு ஆள் எடுக்கும் கங்காணி வேறு, “மலையில ஒம் மகனுக்கு ஒரு எடம் வச்சிருக்கேன்” என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்கு அந்த இடம் வேண்டாம். இஞ்சின் உறுமினால் எனக்குச் சந்தோஷத்தில் சிரிப்பு வரும், அப்படியொரு பைத்தியம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. தோட்டத்து லொறிக்குப் பிரேக் லைனிங் மாற்றி முடித்திருந்தேன். மற்றவர்கள் ஆற்றுக்குக் குளிக்கப் போய்விட்டார்கள். அம்மா சோறு கொண்டுவந்தாள்.

“இன்னைக்கு ஏறுறியாம்மா?”

“ஒன் லொறிக்கு எம் உசுருதான் கெடச்சுதா?”

வேலையில் கடைசிப் பாடு மிச்சமிருந்தது. பிரேக் எண்ணெய்க் குழாயில் காற்று தங்கினால் பெடல் தொளதொளவென்று இறங்கும், வண்டி நிற்காது. காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே மிதிக்க, மற்றவர் கீழே படுத்துத் திருகாணியைத் திறந்து மூட வேண்டும்.

“வண்டி ஓடாதும்மா. சும்மா ஒக்காந்து மிதி, போதும்.”

டயர்களுக்கு வைத்திருந்த கல்லையெல்லாம் சுற்றிவந்து பார்த்தாள். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள்.

“மிதி.”

“மிதிச்சாச்சு. என்னடா இது, சேத்துல கால் வச்ச மாதிரி போகுது?”

“அது காத்தும்மா. அப்படியே புடி. இப்ப விடு.”

திருகாணியில் மாட்டிய குழாய் வழியாகப் போத்தலுக்குள் காற்று குமிழி குமிழியாக வந்தது. ஒவ்வொரு சக்கரமாக நகர்ந்தேன். நாலாவது சக்கரத்தில் குமிழி நின்று எண்ணெய் மட்டும் வந்தது. மேலே அம்மா இன்னொருதரம் மிதித்துப் பார்த்தாள்.

“டேய், இப்ப எறங்க மாட்டேங்குது. கல்லு மாதிரி இருக்கு.”

நான் லொறிக்கு அடியிலேயே கிடந்து சிரித்தேன். அப்படியொரு சந்தோஷம்.

பாஸ் ஈரத் துண்டோடு திரும்பி வந்தார். சாரதி ஆசனத்தில் அம்மாவைப் பார்த்துத் திகைத்து, “அம்மே, பய வென்ன எப்பா” என்றார், பயப்பட வேண்டாம் என்று. அம்மாவும் சிங்களத்திலேயே, பயமெல்லாம் இல்லை, காலுக்குத் தெரிகிறது என்றாள். பிறகு நகர்ந்து உட்கார்ந்து அவருக்கு இடம்விட்டு, என்னைப் பார்த்தாள்.

“ஏறுடா. நேரமாகுது.”

டயர்க் கற்களை எடுத்துப் போட்டுவிட்டு ஏறிக்கொண்டேன். சரிவில் லொறி வேகமெடுத்தது. பாலம் நெருங்க நெருங்க நான்தான் கதவை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பாஸ் பெடலை மிதித்தார். அதே நொடியில் அம்மாவின் காலும் தகரத் தரையை ஓங்கி மிதித்தது. லொறி பாலத்துக்கு இப்பாலேயே நின்றது.

“நின்னுருச்சு,” என்றாள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பாஸ் தன் கொச்சைத் தமிழில், “நாளைக்கி இருந்து பிரேக் வேல ஒனக்கி” என்றார்.

சாயங்காலம் தோட்டத்து லயத்து வீட்டுக்குப் போகும் வழியில் கங்காணி எதிரே வந்தார். நான் வாய் திறக்குமுன் அம்மா முந்திக்கொண்டாள்.

“அந்த எடத்த வேற யாருக்காச்சும் குடுத்துருங்க. எங்க பிரேக்கு நல்லா புடிக்குதுங்க.”