தெற்கே ஒரு கல்லூரி

திருவனந்தபுரத்துக் கல்லூரியில் சேர விண்ணப்பத்தோடு ஒரு பக்கக் கட்டுரையும் கேட்டிருந்தார்கள். எடுத்த பாடத்தை ஏன் படிக்க விரும்புகிறாய் என்று ஆங்கிலத்தில் எழுத வேண்டும். நான் கேட்டது தாவரவியல். எனக்கு அதில் ஆசை வந்ததே நாகர்கோவில் கல்லூரி ஒன்றின் கண்காட்சியில்தான். எங்கள் ஊர் பாறசாலைப் பள்ளியிலிருந்து எங்களை அழைத்துப் போயிருந்தார்கள். அங்கே மைக்ராஸ்கோப்பில் வெங்காயத் தோலைப் பார்த்தேன். செங்கல் அடுக்கியதுபோல் கட்டம் கட்டமாக இருந்தது. பின்னால் நின்றவள் இடித்துத் தள்ளும்வரை நான் கண்ணை எடுக்கவில்லை.

இதை எழுதலாமா என்பதுதான் கவலை. இரண்டு கல்லூரிகளுக்கும் எல்லாவற்றிலும் போட்டி. போதாததற்கு அது, தமிழ் பேசும் ஊர்கள் எந்த மாநிலத்தில் சேர வேண்டும் என்று எல்லைச் சமரம், அதாவது போராட்டம், நடந்த காலம். நாகர்கோவில் என்று சொன்னாலே எந்தக் கட்சி என்று முகத்தைப் பார்ப்பார்கள். ஊர்வலத்தில் போனதற்காக அண்ணனைப் போலீஸ் பிடித்து வைத்து, அப்போதுதான் விட்டிருந்தது.

அப்பாவுக்கு நெய்யாற்றின்கரையில் நூல் கடையில் வேலை. கட்டுரையைப் படித்துக் காட்டச் சொன்னார்.

"மக்கா, அந்தக் காலேஜுக்க பேரு இதில வேண்டாம். உனக்கு சீட்டு கிட்டணும்."

அண்ணனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "நடந்ததை எழுதப் பயமா? நம்ம நாகர்கோவிலாக்கும். எழுது நீ."

"நீ எழுதினதுக்குத்தான் போலீஸ் வந்துது, சும்மா இரி" என்றாள் அம்மா. அந்த ஊர்வலத்துக்காகச் சுவரில் கோஷம் எழுதியவனும் அவன்தான்.

அப்பா, அண்ணன் இருவர் பேச்சையும் பாதிப் பாதி கேட்டு, 'தெற்கே உள்ள ஒரு கல்லூரியில்' என்று எழுதி அனுப்பினேன்.

இண்டர்வியூவில் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்த அம்மையார் என் கட்டுரையை வாசித்துவிட்டு மலையாளத்தில் கேட்டார். "தெற்கே என்றால் எங்கே? கன்னியாகுமரிக்கு அப்புறம் கடல்தானே?"

மற்ற இருவரும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. கல்லூரியின் பெயரைச் சொன்னேன்.

"பிறகு ஏன் அங்கே சேரவில்லை?"

நானும் மலையாளத்திலேயே சொன்னேன். "அங்கே பெண்களுக்கு ஹாஸ்டல் இல்லை. தினமும் போய்வர முடியாது. சமரம் என்றால் பஸ் நின்றுவிடும்."

சமரம் என்ற சொல்லை அங்கே சொல்லியிருக்கக் கூடாது என்று உடனே தோன்றியது. யாரும் சிரிக்கவில்லை. அம்மையார் ஒரு தாளையும் பென்சிலையும் என் பக்கம் தள்ளினார்.

"மைக்ராஸ்கோப்பில் கண்டதை வரை."

வரைந்தேன். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒரு புள்ளி வைத்தேன். அது என்ன என்று கேட்டார். பெயர் தெரியாது, ஆனால் இருந்தது என்றேன். தலையை ஆட்டிவிட்டு அடுத்த பெண்ணைக் கூப்பிட்டார்.

சீட்டு கிடைத்தது. அப்பா கடையில் எல்லோருக்கும் சாயா வாங்கிக் கொடுத்தாராம். அண்ணன் மட்டும், "பேரை ஒளிச்சு வச்சியே" என்று சில நாள் முகம் கொடுக்கவில்லை. வாயால் சொன்னேன் என்றதை அவன் நம்பவும் இல்லை. ஆனாலும் சேரப் போன அன்று பெட்டியைச் சுமந்து பஸ்ஸில் ஏற்றிவிட்டவன் அவன்தான்.

பிறகு எல்லை போட்டார்கள். நாகர்கோவில் அந்தப் பக்கம் போனது; எங்கள் ஊர் கேரளத்தில் நின்றது. செய்தி வந்தபோது நான் ஹாஸ்டலில் இருந்தேன். "இனி நீ தமிழா, மலையாளியா?" என்று காட்டாக்கடைக்காரத் தோழி கேட்டாள். மறுநாள் செய்முறைத் தேர்வு. செடித் தண்டை மெல்லிசாகச் சீவ பிளேடு தேடிக்கொண்டிருந்தேன். "உன்னிடம் புது பிளேடு உண்டா?" என்று கேட்டேன். எடுத்துக் கொடுத்தாள்.