பச்சை பின்னை மூன்று முறை பிடுங்கினேன்

நம்புங்கள் என்று நான் யாரையும் கெஞ்சப் போவதில்லை. நடந்தது. பட்டப்பகலில், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், 3.05க்கு ஆரம்பித்து 3.47க்கு முடிந்தது. நேரத்தை இவ்வளவு கச்சிதமாக எப்படிச் சொல்கிறேன் என்றால், நான் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்பவன். 'நீ தொட்டுத்தான் கெட்டுப்போச்சு' என்று வாடிக்கையாளர்கள் சண்டைக்கு வருவதால் எங்கள் முதலாளி ஒரு சட்டம் போட்டிருக்கிறார். எந்த ஒயரைப் பிடுங்கினாலும், மாட்டினாலும், உடனே ஜாப் கார்டில் நேரத்தை எழுத வேண்டும். பதினோரு வருஷப் பழக்கம். சொந்த வீட்டு ஃபேனைக் கழற்றினாலும் என் கை தானாகப் பேனாவைத் தேடும்.

அன்று என் அண்ணன் ஐ.சி.யூ.வில் இருந்தான். நெஞ்சு வலி. தொண்டையில் குழாய், மெஷின்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. சாயங்காலம் வரை தாக்குப்பிடித்தால் பிழைத்துக்கொள்வான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அண்ணி வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். மாற்றுத்துணி எடுத்துவர என்னை வீட்டுக்கு அனுப்பினார். "நாலு மணிக்குள்ள வந்துடுங்க தம்பி."

துணியை எடுக்கத்தான் கீழே அண்ணன் அறைக்குள் போனேன். டிவிக்குக் கீழே அவனுடைய கேம் கன்சோல் இருந்தது.

மூன்று வருஷமாக அதை என்னைத் தொட விட்டதில்லை. "மக்கு, உன் கை பட்டா உருப்படாது" என்பான். எனக்கு அவன் வைத்த பெயரே மக்குதான். ஊரெல்லாம் கம்ப்யூட்டருக்கு உயிர் கொடுப்பவன், வீட்டில் மக்கு. என் கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில்கூட அப்படித்தான் கூப்பிட்டான். அந்தப் பெண் சிரித்தாள். அந்தச் சம்பந்தம் அதோடு போயிற்று.

அண்ணன் சாகக் கிடக்கும்போது விளையாட்டு கேட்கிறதா என்று நீங்கள் கேட்பீர்கள். ஆமாம், கேட்டது. ஒரே ஒரு ஆட்டம். அவனுக்கு எப்படித் தெரியும்?

3.05க்குக் கன்சோலைக் கழற்றி மாடியில் என் அறைக்குத் தூக்கிப் போனேன். அங்கே டிவி கிடையாது. கம்ப்யூட்டர் மானிட்டர்தான். 3.11க்கு எச்.டி.எம்.ஐ. கேபிளைக் கன்சோலிலிருந்து மானிட்டருக்குக் கொடுத்தேன். படம் பளிச்சென்று வந்தது. சத்தம் இல்லை. எப்படி வரும்? என் மானிட்டரில் ஸ்பீக்கரே கிடையாது. ஆனால் பின்பக்கம் ஹெட்போன் மாட்டும் ஓட்டை உண்டு. கேபிள் வழியாக வரும் சத்தத்தை அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த வேலை. 3.13க்குக் கம்ப்யூட்டர் ஸ்பீக்கரின் பச்சை பின்னை அதில் செருகினேன்.

ஸ்ஸ்ஸ்... டக். ஸ்ஸ்ஸ்... டக்.

எர்த் பிரச்சினை என்று நினைத்தேன். ஆனால் எர்த் இரைச்சல் ஒரே சீராக ஓடும். இது நின்று நின்று வந்தது. நடுநடுவே ஒரு 'பீப்'. திரையில் கார்கள் வரிசையாக நின்றன. அவற்றின் சத்தம் ஒன்றுகூட இல்லை.

3.14. பின்னைப் பிடுங்கினேன். அமைதி. தூசியை ஊதினேன். 3.15க்கு மறுபடி செருகினேன்.

யாரோ இருமினார்கள்.

தண்ணீரில் முங்கி எழுந்தவர் மூச்சு வாங்குவது மாதிரி... பிறகு பழையபடி ஸ்ஸ்ஸ்... டக். அப்போதுதான் ஸ்பீக்கரைப் பார்த்தேன். பவர் விளக்கு எரியவில்லை. சுவிட்சையே நான் போடவில்லை.

3.17. போன் அடித்தது. அண்ணி. துணி எங்கே என்று கேட்பார். கட் பண்ணினேன். மறுபடி அடித்தது. மறுபடி கட் பண்ணிவிட்டு சைலண்டில் போட்டேன்.

கன்சோலின் செட்டிங்ஸில் ஆடியோவை மாற்றிப் பார்த்தேன். பலன் இல்லை. 3.22க்குப் பின்னைப் பிடுங்கினேன். 3.23க்குச் செருகினேன்.

"மக்கு..."

இடது ஸ்பீக்கரில் வந்தது. மெதுவாக. தொண்டை கிழிந்த குரல்.

ஸ்பீக்கர் பக்கம் குனிந்தேன். "அண்ணா?"

"புடுங்காதடா..."

நாற்காலியோடு பின்னால் நகர்ந்தேன். வெளியே ஜன்னலில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்தார்கள். ஓடியிருக்கலாம். அண்ணிக்கு ஒரு போன் போட்டிருக்கலாம்.

நான் செய்யவில்லை. இரண்டு ராத்திரி தூங்காத கலக்கம், அவ்வளவுதான் என்று எனக்கு நானே முடிவு கட்டிக்கொண்டேன். கலக்கம்தானே... கலக்கத்தைக் கெஞ்ச வைத்தால் என்ன தப்பு?

பச்சை பின்னை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டேன். அது சூடாக இருந்தது. காய்ச்சல்காரன் கை மாதிரி.

"தம்பின்னு கூப்பிடு."

ஸ்ஸ்ஸ்... டக்.

"ஒரு தடவை. வாயால. தம்பின்னு."

"மக்கு... வலிக்குதுடா..."

"தம்பின்னு சொல்லு. விட்டுடறேன்."

பீப். பீப். பீப். வேகம் கூடியது.

நான் எண்ணினேன். ஒன்று...

"டேய்..."

இரண்டு...

"த... தம்..."

சொல்ல வந்தான். சத்தியமாகச் சொல்ல வந்தான். எனக்குக் கேட்டது.

மூன்று.

பிடுங்கிவிட்டேன்.

3.35.

எழுதினேன்.

3.37க்கு மறுபடி செருகினேன். ஸ்பீக்கரில் விளையாட்டின் பாட்டு குதித்துக்கொண்டு வந்தது. கார்கள் உறுமின. சுவிட்ச் இப்போதும் போடப்படவில்லை. போட்டுக்கொள்ளவும் எனக்குத் தோன்றவில்லை. ஒரு ஆட்டம் ஆடினேன். ஜெயித்தேன். சத்தம் பிரமாதமாக இருந்தது.

3.47க்குப் போனை எடுத்துப் பார்த்தேன். ஒன்பது அழைப்புகள். பத்தாவது அப்போது வந்தது.

அண்ணியால் பேச முடியவில்லை. பக்கத்தில் இருந்த யாரோ போனை வாங்கிச் சொன்னார்கள்.

அழுதேனா என்று கேட்டால், அழுதேன். எல்லோரையும்விட சத்தமாக அழுதேன்.

மற்றதெல்லாம் பிறகு தெரிந்தது. அண்ணனின் இதயத் துடிப்பைப் பதிந்த மெஷினில் கோடு மூன்று முறை நேராக ஓடியிருந்தது. 3.14. 3.22. 3.35. முதல் இரண்டு தடவை ஒரு நிமிஷத்தில் துடிப்பு தானாகத் திரும்பியது. மூன்றாவது தடவை டாக்டர்கள் எவ்வளவோ பார்த்தும் திரும்பவில்லை. காரணம் யாருக்கும் புரியவில்லை.

உடலை எடுக்கும்போது தலையணைக்கு அடியில் ஒரு மடித்த தாள் கிடைத்தது. அண்ணன் கையெழுத்து. எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரியும். 'ஒயரைப் புடுங்க வேண்டாம்னு சொல்லுங்க' என்று எழுதியிருந்தது.

அண்ணி அதைப் பிடித்துக்கொண்டார். அன்று பகல் டியூட்டியில் இருந்த நர்ஸ்தான் எதையோ பிடுங்கிவிட்டார் என்று புகார் கொடுத்தார். புகாரை எழுதியது நான். என் கையெழுத்து நன்றாக இருக்கும். நர்ஸுக்கு வேலை போயிற்று.

மூன்று வாரம் கழித்து அந்த நர்ஸ் எங்கள் வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே நின்றார். கண் வீங்கியிருந்தது.

"நான் எதையும் தொடலம்மா. அந்தத் தாளும் அவர் எழுதினதா இருக்க முடியாது."

"என் புருஷன் கையெழுத்து எனக்குத் தெரியாதா?" என்றார் அண்ணி.

"குழாயை இழுத்துடுவார்னு ரெண்டு கையையும் கட்டிலோட கட்டி வெச்சிருந்தோம்மா. காலையில கட்டினது. அவர் போனதுக்கு அப்புறம்தான் அவிழ்த்தோம். அவர் எப்படி எழுதுவார்?"

நர்ஸ் என்னைப் பார்த்தார். "சார், நீங்களாவது நம்புங்க."

நம்பினேன். அந்த வீட்டில் அவரை நம்பிய ஒரே ஆள் நான்தான்.

"கதவைச் சாத்துங்க" என்றார் அண்ணி.

சாத்தித் தாழ்ப்பாளும் போட்டேன்.