டீச்சர் முகத்தைப் பார்த்துச் சொன்னது

நான் பொய் சொன்னேன். அந்தப் பொய்யால் ஒரு டீச்சருக்கு வேலை போயிற்று. போகும் என்று தெரிந்தேதான் சொன்னேன்.

கண்ணுகளா, உங்களுக்குத்தான் எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவனின் எழுத்து இது. எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தில் திருத்தம் கிடையாது!

மூச்சுத் திணறிய காலேஜ் பெண்ணை முதுகில் சுமந்துகொண்டு உங்கள் அப்பன் மலையேறிய கதை உங்களுக்குத் தெரியும். உங்கள் அம்மா சொல்லியிருக்கிறாள். எஸ்டேட்டில் எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். பெரியவன் அதைப் பள்ளிக்கூடத்தில்கூடப் பேசிவிட்டு வந்தான். அந்தக் கதை உண்மைதான். ஆனால், அந்தப் பெண்ணை அந்தப் பள்ளத்தில் கொண்டுபோய் நிறுத்தியவன் யார்? அதை எவரும் உங்களுக்குச் சொன்னதில்லை...

எண்பதுகளின் நடுவில் நடந்தது. காலேஜ் பெண்கள் பன்னிரண்டு பேரை அழைத்துக்கொண்டு ஒரு விளையாட்டு டீச்சர் வந்தார். நான்கு நாள் நடை. ஏற்காட்டில் தொடங்கி, கரடியூர், வெள்ளக்கடை என்று தங்கித் தங்கி நடந்து, நான்காம் நாள் சேர்வராயன் மலை உச்சியில் முடிக்கவேண்டும். காப்பிப் பழம் பறித்துக்கொண்டிருந்த என்னை எஸ்டேட் மேனேஜர் கூப்பிட்டு, வழிகாட்டியாகப் போகச் சொன்னார். நல்லபடியாக முடித்தால், இனி வரும் கூட்டத்துக்கெல்லாம் நீதான் என்றார். அது என் முதல் கூட்டம். பாதியில் திரும்பினால் அதுவே கடைசிக் கூட்டம்.

நம் மலையில் தூரத்தை மைலிலா சொல்கிறோம்? இங்கே நின்று குரல் கொடுத்தால் அங்கே கேட்குமானால், அது கூப்பிடு தூரம். எதிர்மலைக்கும் அதே சொல்தான். குரல் நேராகப் போய்விடும். கால் பள்ளத்தில் இறங்கி, ஓடையைத் தாண்டி, மறுபடி ஏறியாகவேண்டும். இது நமக்குத் தெரியும். கீழ்நாட்டுக்காரர்களுக்குத் தெரியாது. அவர்களுக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரியும்!

முதல் இரண்டு நாளும் எவ்வளவு தூரம் என்று கேட்டவர்களுக்கெல்லாம் அதையே சொன்னேன். அலுத்துப்போய் உட்கார்ந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். அதில் என்ன பாவம்? அந்தப் பெண்கள் எனக்கு அதையே பெயராக வைத்துவிட்டார்கள். “அண்ணே, நீங்க கூப்பிட்டா மெட்ராஸுக்கே கேக்குமே, அப்ப மெட்ராஸும் பக்கந்தானா?” என்று ஒருத்தி கேட்டாள். நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

அப்படிக் கேட்டவள்தான் விஜயா.

மூன்றாம் நாள் காலை, வெள்ளக்கடையில் அவளுக்கு மூச்சு இளைத்தது. சின்ன வயதிலிருந்தே உண்டாம், பனி ஒத்துக்கொள்ளவில்லை. ஏற்காடு போகும் பஸ் புறப்படத் தயாராக நின்றது. டீச்சர் என்னைத் தனியே அழைத்தார்.

“அண்ணா, விளையாட்டு வேண்டாம். இவளால ரொம்ப நடக்க முடியாது. அடுத்த ஊரு நெஜமா எவ்வளவு தூரம்? அதிகம்னா இந்த பஸ்லயே எல்லாரும் திரும்பிடறோம்.”

ஐந்து மணி நேர நடை. எனக்குத் தெரியும். நான் என்ன செய்தேன் தெரியுமா? சரிவின் ஓரத்தில் போய் நின்று, இரண்டு கையையும் வாயில் குவித்துக் குரல் கொடுத்தேன். அடுத்த ஊர் இருக்கிற எதிர்மலையில், காட்டில் வேலையாக இருந்த யாரோ திருப்பிக் குரல் கொடுத்தார்!

“கேட்டீங்களா மேடம்? அந்த ஊருதானுங்க. கூப்பிடு தூரம்.”

பெண்கள் கை தட்டினார்கள். டீச்சர் சிரித்தார். பஸ் போய்விட்டது.

நான் சொன்னதில் ஒரு சொல் பொய்யா? நீங்களே சொல்லுங்கள். குரல் கேட்டது, பதிலும் வந்தது. அந்த வாதத்தை எத்தனை வருஷம் எனக்குள் நடத்தியிருக்கிறேன்... ஒவ்வொரு தடவையும் நான்தான் ஜெயிக்கிறேன். ஜெயித்து என்ன!

பள்ளத்தில், ஓடைக்கரையில், விஜயா உட்கார்ந்துவிட்டாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது. வந்த வழியிலும் ஏற்றம், போகும் வழியிலும் ஏற்றம். அவளை முதுகில் ஏற்றிக்கொண்டேன். என் காதுக்குப் பக்கத்தில் அவள் மூச்சு விசில் மாதிரி கேட்டது. டீச்சர் பின்னாலேயே அவள் முதுகைத் தாங்கிக்கொண்டு வந்தார். அந்த ஏற்றம் முழுக்க அவர் என்னை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. கடிந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்!

மேலே ஓர் எஸ்டேட் ஜீப் கிடைத்தது. விஜயா ஆஸ்பத்திரியில் பதினைந்து நாள் கிடந்து பிழைத்தாள். அவளுடைய அப்பா காலேஜில் புகார் கொடுத்தார். விசாரிக்க இரண்டு பேர் எங்கள் எஸ்டேட் ஆபீசுக்கு வந்தார்கள். டீச்சரையும் கூட்டி வந்தார்கள். பெண்களை விசாரிக்கவில்லை. பிள்ளைகளின் பெயர் வெளியே வரக்கூடாதாம்.

நான் உள்ளே போகுமுன் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் காதோடு சொன்னார்: “பாத்துப் பேசு. தப்பு உம்மேலன்னா மேனேஜரு ஊட்டைக் காலி பண்ணச் சொல்லீருவாரு.”

பெரியவனுக்கு அப்போது இரண்டு வயது. சின்னவள் வயிற்றில். எஸ்டேட் கொடுத்த அந்த லைன் வீட்டை விட்டால் எங்களுக்குப் போக இடமில்லை. இதைச் சாக்காகச் சொல்லவில்லை. கணக்காகவும் சொல்லவில்லை. அப்படித்தான் இருந்தது!

தூரத்தைச் சொன்னாயா என்று கேட்டார்கள்.

“அஞ்சு மணி நேரமாகுமுங்க, பெரிய பள்ளமுங்க, வேண்டாமுங்கன்னு அப்பவே சொன்னனுங்க. மேடந்தான் கேக்கலீங்க.”

பெஞ்சில் இருந்த டீச்சர் எழுந்து நின்றார். கோபப்படவில்லை.

“அண்ணா, என்னப் பாத்துச் சொல்லுங்க.”

பார்த்தேன். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே, அதையே இன்னொரு தடவை, ஒரு சொல் மாறாமல் சொன்னேன்.

அவர் திரும்பப் பெஞ்சில் உட்கார்ந்தார். அவருடைய வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லையாம். அதனால் நீக்குவது சுலபமாம். எனக்கோ, பெண்ணைக் காப்பாற்றியவன் என்று மேனேஜர் ஒரு கம்பளி கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்!

என்னைக் குற்றவாளி என்பீர்களா? சொல்லுங்கள். அவர் படித்தவர், வேறு வேலை கிடைத்திருக்கும் என்று நினைத்தேன். கிடைத்ததா என்று நான் விசாரிக்கவே இல்லை. விசாரிக்கப் பயம்... ஆனாலும் மன்னிப்புக் கேட்டு இதை எழுதவில்லை. நாளைக்கே அந்த ஆபீசில் என்னை நிறுத்தி, உங்கள் இரண்டு பேரையும் அதே நிலைமையில் வைத்து, அதே கேள்வியைக் கேட்டால், நான் அதையேதான் சொல்வேன். வெட்கம் கெட்டவன் என்று சொல்லுங்கள். சொல்வேன்!

ஆனால் ஒன்று இருக்கிறது. அதற்கு மட்டும் எனக்கு வாதம் அகப்படவில்லை.

விசாரணை முடிந்து, வந்தவர்கள் இருவரும் மேனேஜர் பங்களாவுக்குச் சாப்பிடப் போய்விட்டார்கள். டீச்சரை யாரும் அழைக்கவில்லை. அவர் பையை எடுத்துக்கொண்டு தனியாக பஸ்ஸுக்குப் புறப்பட்டார். நான் ஆபீஸ் ஜன்னலில் நின்றிருந்தேன். ஆபீசுக்கு எதிரே ஒரு பெரிய மரத்தடியில் பாதை இரண்டாகப் பிரியும். ரோட்டுக்குப் போவது வலப்பக்கம். அவர் இடப்பக்கம் திரும்பினார். அது காப்பிக் காட்டுக்குள் போய் முட்டி நிற்கிற பாதை.

எட்டிப்போய்ச் சொல்லியிருக்கலாம். இருந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்திருக்கலாம். வெள்ளைப் புடவை செடிகளுக்கு நடுவே மறைகிறவரை பார்த்துக்கொண்டு, வாயை மூடி நின்றேன்.