முளைக்குச்சி நகர்ந்த தூரம்

2008 மாசியில் குமராட்சிப் பக்கம் ஒரு வெடிக்குழுவோடு அலைந்தேன். சம்பா அறுவடை முடிந்து உளுந்து முளைத்திருந்த நேரம். வயலில் வரிசையாகக் குழி போட்டு, அடியில் வெடி வைத்து, அதிர்வு பூமிக்குள் போய்த் திரும்புவதைக் கருவிகளில் பதிவார்கள். எண்ணெயோ எரிவாயுவோ தங்க வாகான பாறை கீழே இருக்கிறதா என்று கடலூர் அலுவலகத்தில் அதை வைத்துப் படம் வரைந்து பார்ப்பார்கள். நிலத்துக்காரர்களிடம் கையெழுத்து வாங்குவது என் வேலை. சிதம்பரத்தில் படித்தது என்னவோ நிலவியல், பிழைத்தது வாயால்.

குழி வரும் இடத்தில் சிவப்புத் துணி கட்டிய முளைக்குச்சி நடுவோம். குச்சி நின்ற நிலம் போய்விடும் என்று ஊரில் ஒரு பேச்சு. அரைக்காணி வைத்திருந்த ஒரு அக்காவுக்கு அதை விட்டால் வேறு கதி இல்லை.

"எண்ணெ இருந்தா நெலத்த எடுத்துக்குவாங்களா தம்பி?"

"சும்மா பாக்குறாங்கக்கா. அவ்ளோதான்."

அவர் நம்பவில்லை. மறுநாள் அவர் வயலில் நட்ட குச்சி வரப்பு தாண்டி அடுத்தவர் வயலில் நின்றது. அதற்கடுத்த நாள் அங்கிருந்தும் கிளம்பிக் கோயில் நிலத்துக்குப் போயிருந்தது. கேட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது. எனக்குச் சிரிப்பு வந்தது, கொஞ்சம் எரிச்சலும். புதிய இடத்தை அளந்து எழுதிக்கொண்டு அங்கேயே குழி போடச் சொல்லிவிட்டேன்.

மழைக்காலத்தில் படம் தயாரானது. எண்ணெய் தங்க வாகாகப் பாறை மேடாக எழும்பிய மூன்று இடங்களைக் கோடு போட்டு வளைத்திருந்தார்கள். ஒன்று குமராட்சிப் பக்கம். படம் வரைந்த அதிகாரியிடம் குச்சி நகர்ந்த கதையைச் சொன்னேன்.

"நீங்க சொல்ற தூரம் இந்தக் கோட்டோட தடிப்புக்குள்ளயே அடங்கிடும் சார்" என்றார் அவர்.

அரைக்காணி, அடுத்த வயல், கோயில் நிலம், ஊர் எல்லாமே வளைவுக்குள் இருந்தன.

பொங்கல் கழிந்து வேறொரு கையெழுத்துக்காக அந்த ஊருக்குப் போனேன். அந்த அக்கா மோர் கொடுத்தார்.

"அன்னிக்குக் குச்சியப் புடுங்கி நட்டது நாந்தான் தம்பி. கோச்சுக்காதீங்க. நெலம் பொழச்சுதில்ல?"

"பொழச்சுதுக்கா" என்றேன்.

உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். வெட்கமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது. முதல் எண்ணெய்க் கிணற்றுக்கு வேறு வளைவைத் தேர்ந்தெடுத்தார்கள். குமராட்சி வளைவு வரிசையில் மூன்றாவது. நான் வேலையை விட்ட 2012 வரை அந்தக் கோட்டை யாரும் அழிக்கவில்லை. அந்த அக்கா பங்குனிக்குப் பங்குனி நிம்மதியாக உளுந்து அறுத்துக்கொண்டிருந்தார்.