உச்சிக்கொண்டையும் ஒன்றரை சென்டிமீட்டரும்

அந்தத் தெருவில் அவளுக்கு அளவக்கா என்றுதான் பெயர். ஊட்டச்சத்து மையத்தில் குழந்தைகளுக்கு எடை போட்டு, உயரம் பார்த்து, பதிவேட்டில் எழுதுவது வேலை. பன்னிரண்டு வருடமாகச் செய்கிறாள், பன்னிரண்டு வருடமும் தற்காலிகப் பணியாளர். தற்காலிகம் என்றால் மேலிடத்து அகராதியில் என்ன பொருளோ தெரியவில்லை. அவள் சேர்ந்தபோது இடுப்பில் இருந்த மகள் இப்போது அம்மாவின் செருப்பை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறாள்.

வேலையை யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. உயரம் பார்க்கும் பலகையின் முதுகில் ஒரு விளக்கத்தாள் ஒட்டியிருந்தது. அதைப் படித்துப் படித்தே கற்றுக்கொண்டாள். இரண்டு வயதுக்குள் என்றால் படுக்கவைத்து அளக்க வேண்டும். மேலே என்றால் நிற்கவைத்து, குதிகால் பலகையில் ஒட்டியிருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். செருப்பு, கொண்டை, கிளிப் எல்லாம் கழற்ற வேண்டும். வெல்டிங் பட்டறையில் வேலை செய்யும் கணவன் இரண்டு கிலோவுக்குச் சரியாக ஒரு இரும்புக்கட்டி வெட்டிக் கொடுத்திருந்தான். தினமும் காலையில் அதை வைத்துத் தராசைச் சோதித்த பிறகுதான் முதல் குழந்தையைத் தூக்குவாள்.

மற்ற மையங்களின் பதிவேடுகளைப் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். எண்பது, எண்பத்திரண்டரை, எண்பத்தைந்து என்று எல்லாம் அழகாக முழுசிலும் அரையிலும் முடியும். இவளுடையதில் மட்டும் 81.3, 79.8 என்று இருக்கும்.

“உன் கணக்கு மட்டும் ஏம்மா இப்படிக் கோணல்மாணலா இருக்கு?” என்று மேற்பார்வையாளர் ஒருமுறை சலித்துக்கொண்டார்.

“குழந்தைங்க அப்படித்தான் சார் இருக்காங்க” என்றாள்.

இந்த வருடம் திடீரென்று மேலே இருப்பவர்களுக்கு ஞானம் பிறந்தது. ஊட்டச்சத்துத் துறைக்குத் திறமையான ஆட்கள் இல்லையாம். தேர்வு வைத்து, தேறியவர்களுக்கு நிரந்தர உத்தரவு தரப்போகிறார்களாம். திறமை பன்னிரண்டு வருடமாக கால் ஆடும் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தது இவர்கள் கண்ணில் படவேயில்லை! ஆனாலும் அவள் சந்தோஷப்பட்டாள். ஒழுங்காக அளக்கத் தெரிந்தவளுக்கு அளக்கும் தேர்வில் என்ன பயம்?

பயிற்சிக்கூடத்தில் பத்துக் குழந்தைகளை வரிசையாக வைத்திருந்தார்கள். தலைமை அலுவலகத்திலிருந்து வந்த நிபுணர் காலையிலேயே பத்துப் பேரையும் அளந்து எழுதிவிட்டார். அவர் அளவிலிருந்து அரை சென்டிமீட்டருக்கு மேல் விலகாமல் அளந்தால் தேர்ச்சி.

அவள் தெருக் குழந்தை ஒன்றும் அங்கே இருந்தது. இரண்டரை வயதுப் பெண். வெளியே போகிறோம் என்று அம்மா உச்சியில் கொண்டை போட்டு விட்டிருந்தாள். அளவக்கா வழக்கம்போல அதை அவிழ்த்துவிட்டு அளந்தாள். 82.6. கொண்டை போட்டிருந்த மற்ற மூன்று பேருக்கும் அப்படியே செய்தாள்.

நாலும் தப்பு என்றார்கள். நிபுணரின் தாளில் அந்தப் பெண்ணுக்கு 84.1.

“சார், கொண்டையோட அளந்தா உயரம் கூடத்தானே காட்டும்? மேல்பலகை உச்சந்தலையைத் தொடணும் சார். பலகைக்குப் பின்னாடியே எழுதியிருக்கு, திருப்பிப் பாருங்க.”

நிபுணர் திருப்பிப் பார்க்கவில்லை. “அது பழைய தாள். இங்க என் அளவோட ஒத்துப்போறதுதாம்மா தேர்வு.”

“அப்போ குழந்தை? எண்பத்து மூணரைக்குக் கீழ இருந்தாத்தானே அதுக்குச் சத்துமாவு? உங்க கணக்குப்படி கிடைக்காதே.”

“குழந்தை தேர்வு எழுத வரலைம்மா.”

கூடமே சிரித்தது. கொண்டையைத் தொடாமல் அளந்த முப்பது பேர் தேறினார்கள். பேனர் முன்னால் நின்று படமும் எடுத்துக்கொண்டார்கள்.

“உன்னை ஃபெயிலாக்குனவருக்குக் கொண்டை இருந்துச்சா?” என்று கணவன் சிரிக்கவைக்கப் பார்த்தான். அவளுக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

இரண்டு வாரத்தில் அவள் மையத்துக்கே ஒரு தகுதியாளரை நியமித்தார்கள். பக்கத்து மையத்தில் இருந்தவள்தான், எல்லாம் முழுசிலும் அரையிலும் முடிகிற பதிவேட்டுக்காரி. கெட்டவள் இல்லை, பாவம், யாரும் சொல்லிக்கொடுக்காதவள். மேற்பார்வையாளர் போனில் கூப்பிட்டார்.

“ஒரு மாசம் கூட இருந்து வேலையைக் காட்டிக்குடும்மா.”

“தேறாதவ தேறினவளுக்குச் சொல்லித்தரணும்னு எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுங்க சார். நாளைக்கே ஆரம்பிக்கிறேன்.”

“இதையெல்லாம் எழுத்துலயா கேக்குறது?” என்று வைத்துவிட்டார். அந்தத் தாள் வரவேயில்லை.

புதியவள் வந்த முதல் நாளே அந்த இரண்டரை வயதுக்காரி அதே கொண்டையோடு வந்தாள். புதியவள் அளந்து, பென்சிலை எடுத்து, “எண்பத்து நாலரை. கோட்டைத் தாண்டிட்டா, சத்துமாவு லிஸ்ட்ல பேரை அடிச்சிடலாம்க்கா” என்றாள்.

வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம் என்றுதான் அளவக்கா நினைத்திருந்தாள். உத்தரவு வாங்கியவள் பாடு, அவள் கையெழுத்துப் பாடு. ஆனால் குழந்தையின் மணிக்கட்டு கண்ணில் பட்டது, இரண்டு விரல் தடிமன்கூட இல்லை. எழுந்து போய்க் கொண்டையை அவிழ்த்தாள். குனிந்து குதிகாலைச் சரிசெய்தாள். 82.8. அதை மையால் எழுதினாள். ‘அளந்தவர்’ என்ற கட்டத்தில் தன் கையெழுத்தைப் போட்டாள். சத்துமாவுப் பையை எடுத்து அம்மாவின் கையில் கொடுத்தாள். அன்றிலிருந்து தான் அளந்த ஒவ்வொன்றுக்கும் தானே கையெழுத்துப் போட்டாள்.

மாதக் கடைசியில் மேற்பார்வையாளர் வந்து பதிவேட்டைப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

“தகுதி இல்லாதவங்க கையெழுத்துப் போட்டா செல்லாது. அத்தனையும் அடிக்கணும்.”

“அடிங்க சார்.” அவள் சிவப்புப் பேனாவை எடுத்து நீட்டினாள். “அடிச்சிட்டு, பக்கத்துல சரியான அளவை நீங்களே எழுதி, உங்க கையெழுத்தைப் போடுங்க. பலகை அங்க இருக்கு.”

அவர் பேனாவைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். புதியவள் மெதுவாக, “அக்கா போட்டதுதான் சார் சரி. நான் மறுபடி அளந்து பாத்துட்டேன்” என்றாள்.

அவர் எதையும் அடிக்கவில்லை. பதிவேட்டை மூடிவிட்டு, டீ கூடக் குடிக்காமல் கிளம்பிப் போனார். அந்த மாத அறிக்கையில், தகுதியாளர் நியமனத்துக்குப் பிறகு இந்த மையத்தின் அளவுகள் துல்லியமாக இருப்பதாக எழுதினார். அளவக்காவுக்கு இது பதின்மூன்றாவது வருடம். இன்னும் தற்காலிகம்தான்.