பதுங்கியவர்களை எழுப்பும் விதி

மெர்வின் ஹாலம் எல்லாப் பகடைகளையும் தானே உருட்டுவார், ஒன்றைத் தவிர. தன் படை பயந்து ஓடுமா, நிற்குமா என்று சொல்லும் பகடையை மட்டும் எதிரே இருப்பவரிடம் நீட்டிவிடுவார். நாட்டிங்ஹாமில், தேவாலயக் கூடத்தின் பின்னறையில் செவ்வாய்தோறும் கூடி, மேசைமேல் பொம்மைப் படைகளை வைத்து ஆடும் போர் விளையாட்டுக் குழுவில் கெய்லி சேர்ந்ததிலிருந்தே அப்படித்தான். ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

பேருந்துப் பணிமனையில் கால அட்டவணை போட்டு ஓய்வு பெற்றவர், தனியாள். பல வருடங்களாகச் சொந்தமாக ஒரு விளையாட்டை உருவாக்கிக்கொண்டிருந்தார். வியாழன் கோளின் நிலவு ஒன்றில் சுரங்கத் தொழிலாளர்களுக்கும் முதலாளியின் கூலிப்படைக்கும் சண்டை. விரல் உயரப் பொம்மைகள், தெர்மோகோலில் வெட்டிய பனிப்பாறைகள்.

"மத்த விளையாட்டுல சுட்டா சாவான், அவ்வளவுதான். நிஜத்துல முக்காவாசிப் பேரு சாகறதில்ல கண்ணு. குப்புறப் படுத்துடறான். எழுந்திரிக்க மாட்டேங்கறான். அதை எழுதணும்" என்பார். தலைக்கு மேல் குண்டு பறந்தால் அந்தப் பொம்மையருகே ஒரு கறுப்புப் பாசிமணி வைக்கப்படும். மணி இருக்கும்வரை அது நகராது.

அந்த இலையுதிர் காலத்தில் அவர் குரல் கம்மிப்போயிருந்தது. அறைக்குள்ளும் கழுத்துத் துண்டை அவிழ்ப்பதில்லை. குளிருக்காக என்று கெய்லி நினைத்துக்கொண்டாள்.

விதிகளைச் சோதிக்கும் நாள் வந்தது. அன்று எழுதியவர் வாய் திறக்கக் கூடாது என்பது குழுவின் வழக்கம். ஆடுபவர்கள் தாங்களே படித்து, தாங்களே தடுமாற வேண்டும். மெர்வின் சுவரோரம் உட்கார்ந்தார். கெய்லியும் குழுவைச் சேர்ந்த கோலினும் ஆடினார்கள்.

கெய்லி அவள் வீட்டில் முதல் பட்டதாரி. புள்ளியியல் படித்தாள். அதை வைத்து என்ன செய்வது என்று அவளுக்கே தெரியாது. இந்த மேசையில் மட்டும் அது கைகொடுத்தது. பாறைக்குப் பின்னால் பதுங்கியவனைச் சுடுவது கடினம் என்று விதி சொன்னது. சற்று யோசித்தவள், ஆட்களை எழுப்புவதையே நிறுத்திவிட்டாள்.

"என்னம்மா, உன் படை மொத்தமும் தூங்கப் போயிடுச்சா? தலகாணி வேணுமா?" என்றான் கோலின்.

அவன் குண்டுகள் தீர்ந்தன. கெய்லி ஜெயித்தாள். சிரித்துக்கொண்டே திரும்பினாள்.

"மெர்வ், உங்க விளையாட்டுல எழுந்திரிக்கறவன்தான் சாகறான். படுத்தே கிடக்கறவனுக்கு ஒண்ணும் ஆகறதில்ல. அப்புறம் எவன் எழுந்திரிப்பான்?"

அவர் முகம் வெளுத்தது. கை கழுத்துத் துண்டுக்குப் போனது. விதி கெட்டுப்போன வருத்தம் என்றே நினைத்தாள்.

வெளியே, கார் நிறுத்துமிடத்தில் அவர் காத்திருந்தார். "ஆஸ்பத்திரியில திரும்பத் திரும்பக் கூப்பிடறாங்க. நான் போகல. கழுத்துல கட்டி. போகாம இருந்தா ஒண்ணும் ஆகாதுன்னு இருந்தேன். அதையே விதியாவும் எழுதியிருக்கேன் பாரு."

அடுத்த வாரம் விதியைத் திருத்திக் கொண்டுவந்தார். பதுங்கிக் கிடக்கும் ஒவ்வொரு சுற்றிலும் எதிரி ஓரடி நெருங்குவான். பக்கத்திலிருக்கும் ஒருவன் போய்த் தொட்டால் பதுங்கியவன் எழுந்துவிடலாம். ஆனால் மணி, தொட்டவன் பக்கம் போய்விடும்.

"இது அநியாயம். தூக்கிவிட்டவன் அப்புறம் என்ன பண்ணுவான்?" என்றாள் கெய்லி.

"தெரியல கண்ணு. அந்த விதி உனக்கு நான் பட்ட கடன். எழுதித் தர்றேன்." பிறகு தரையைப் பார்த்தபடி, "வெள்ளிக்கிழமை என்னைக் கூட்டிட்டுப் போறியா?" என்றார்.

மருத்துவமனையில் பெயரைக் கூப்பிட்டார்கள். மெர்வின் எழவில்லை. மறுபடி கூப்பிட்டார்கள். நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டார். கெய்லி அவர் முழங்கையைப் பிடித்துத் தூக்கினாள். எழுந்தார், நடந்தார், கதவு மூடிக்கொண்டது. உட்கார்ந்த பிறகுதான் தன் கால்கள் ஆடுவதைப் பார்த்தாள்.

கோடையிலேயே வந்திருக்கலாமே என்றார் மருத்துவர். பனி விழத் தொடங்கிய மாதத்தில் மெர்வின் இறந்துபோனார்.

அதன்பின் தினமும் காலையில் கெய்லி கண்ணாடி முன் நின்று கழுத்தைத் தடவிப் பார்க்கிறாள். ஒன்றுமில்லை என்று தெரிகிறது. கையை எடுக்க முடியவில்லை. தெரியாத எண்ணிலிருந்து தொலைபேசி அடித்தால் எடுப்பதில்லை. வேலைக்கான நேர்முகத் தேர்வு ஒன்றுக்கு வாசல்வரை போய்த் திரும்பிவிட்டாள். ஒரு கிழவரைக் கைப்பிடித்து எழுப்பியதற்கு இத்தனை பயமா, இல்லை முன்பே தனக்குள் இருந்ததா என்று கேட்டுக்கொள்கிறாள்.

குழுவில் அவர் விளையாட்டை இன்னும் ஆடுகிறார்கள். போன செவ்வாய் கோலின் மணியைக் கையில் வைத்துக்கொண்டு தாள்களைப் புரட்டினான்.

"இவனைத் தூக்கிவிட்டாச்சு. மணி என் ஆளுக்கு வந்துடுச்சு. இது எப்பப் போகும்? மெர்வ் என்ன சொல்லியிருக்காரு?"

"எழுதித் தர்றேன்னாரு" என்றாள் கெய்லி. "தரல."